ஒரே ஆளாக ரோட்டவேட்டர் மாட்டுவது எப்படி? டிராக்டர் கேள்வி பதில்

கருவி மாட்டுவதில் உள்ள சிரமங்களைப் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். டிரைவர்களுக்குப் பல வருடங்கள் பயிற்சி கொடுத்தவன் என்ற முறையில், உழவு ஓட்டக் கற்றுக்கொள்வதைவிடக் கருவி மாட்டக் கற்றுக்கொள்ளத்தான் அதிக நாள் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: டிராக்டரின் பின்புறம் கீழே இரண்டு (லோயர் லிங்க்), மேலே ஒன்று (டாப் லிங்க்) என மூன்று இணைப்புக் கைகள் இருக்கும். அவற்றின் முனைகளைப் பின் எனும் இரும்பு முளைகளால் கருவியோடு சேர்ப்பதைத்தான் மாட்டுவது என்கிறோம்.

கேள்வி: மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரோட்டவேட்டரை நான் ஒரே ஆளாகத்தான் மாட்டுகிறேன். இடது பக்கம் சுலபமாக ஏறிவிடுகிறது. வலது பக்கம் பின்னும் லிங்க்கும் நேருக்கு நேர் வருவதே இல்லை. கடப்பாரை போட்டு நெம்பி, டிராக்டரை முன்னும் பின்னும் நகர்த்தி, வேலை தொடங்கும் முன்பே களைத்துப் போகிறேன். வேறு வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஆனால் போன தடவை கழற்றி வைத்தீர்களே, அங்கேதான் அது தொடங்குகிறது. வேலை முடிந்த களைப்பில், கிடைத்த இடத்தில் கருவியை இறக்கிவிட்டு வந்துவிடுகிறோம். பாதி மேடு, பாதி பள்ளம். ஒரு பக்கம் மண்ணில் புதைந்திருக்கும். எதிரே சுவரோ மரமோ இருக்கும், டிராக்டர் நேராகப் பின்னால் வர இடம் இருக்காது. அப்படி வைத்த கருவியை மறுபடி மாட்டும்போது எப்படிப்பட்ட டிரைவரும் திணறத்தான் செய்வார்.

முதலில் வலது பக்கம் ஏன் ஒத்துவருவதில்லை என்று பார்ப்போம். பின் துளைக்குள் நுழைய மூன்று விஷயம் சரியாக வேண்டும்: உயரம், முன்பின் தூரம், பக்கவாட்டு இடைவெளி. உயரத்தை ஹைட்ராலிக் லீவர் பார்த்துக்கொள்ளும். பக்கவாட்டுக்கு, லோயர் லிங்க் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயினைத் தளர்த்தினால் போதும். முன்பின் தூரம்தான் சிக்கல். டிராக்டர் வெறும் 3 டிகிரி கோணலாக நின்றால்கூட, 683 மி.மீ. இடைவெளியில் இருக்கும் இரண்டாவது பின் சுமார் 36 மி.மீ. முன்னாலோ பின்னாலோ தள்ளிப்போய்விடும். உங்கள் கண்ணுக்கு நேராகத் தெரியும், லிங்க்குக்குத் தெரியாது. ஆகவே கடப்பாரையை எடுப்பதற்கு முன்னால், டிராக்டர் கருவிக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று இறங்கிப் பாருங்கள்.

நேராக வருவதற்கு, குறைந்தது டிராக்டரின் இரண்டு நீளம் தள்ளி முன்னாலேயே வண்டியை நேர்ப்படுத்திவிட வேண்டும். கருவியின் பக்கத்தில் வந்த பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பினால் கோணம்தான் கூடும். என்னோடு வேலை பார்த்த மூத்த டிரைவர் ஒருவர் ஷெட்டின் தரையில் பின் டயர் ஓட வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள் அடித்து வைத்திருந்தார். கருவி எப்போதும் அந்தக் கோடுகளின் முனையில்தான் நிற்கும். புதிதாக வருகிறவர்கள்கூட அங்கே சிரமப்பட்டதில்லை. மண் தரை என்றால் கோடு அடிக்க வேண்டியதில்லை. கழற்றிய பின் ஸ்டியரிங்கைத் திருப்பாமல் நேராக முன்னால் ஓட்டிச் சென்றாலே டயர் தடம் பதிந்துவிடும். மழைக்கு முன் வந்தீர்களானால் அந்தத் தடத்திலேயே பின்னால் வரலாம். கருவியின் மேல் கம்பத்தில் நடுவாக ஒரு பெயிண்ட் கோடு போட்டு, அதை டிராக்டரின் டாப் லிங்க் மாட்டும் இடத்தோடு நேர் பார்த்தும் வரலாம்.

சரி, நேராக வந்துவிட்டீர்கள். லோயர் லிங்க் இரண்டும் கருவியின் பின்னுக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி இறக்கி வைத்துக்கொண்டு, லோ கியரில், கிளட்சை மெல்ல விட்டு வாருங்கள். நின்றதும் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், எஞ்சின் ஆஃப், சாவி கையில். அதற்கப்புறம்தான் இறங்க வேண்டும்.

முதலில் இடது லிங்க். பெரும்பாலான டிராக்டர்களில் இடது லிஃப்ட் ராடு (லோயர் லிங்க்கைத் தூக்கும் கம்பி) நீளம் மாறாதது, வலது ராடில்தான் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஹேண்டில் இருக்கும். மாற்ற முடியாததை முதலில் மாட்டிவிட்டு, மாற்ற முடிந்ததை அதற்கு ஏற்றபடி சரிசெய்துகொள்வதுதான் இந்த வரிசையின் காரணம். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு மணிக்கணக்கில் போராடுகிறார்கள். இடது லாக் பின்னைப் போட்டுவிட்டு வலதுக்கு வாருங்கள். உயரம் மட்டும் வித்தியாசம் என்றால் ஹேண்டிலைச் சுற்றுங்கள்.

முன்பின் தூரம் இன்னும் ஒத்துவரவில்லை என்றால் இதைக் கவனியுங்கள். இடது பக்கம் மட்டும் மாட்டியிருக்கும் கருவி, அந்தப் பின்னைச் சுற்றித் திரும்பும். டிராக்டரை ஒரு கைவிரல் அளவு பின்னால் தள்ளினால் கருவியின் இடது பக்கம் பின்னால் போகும், வலது பக்கம் தரையிலேயே நிற்கும். அதாவது வலது பின் டிராக்டரை நெருங்கி வரும். முன்னால் நகர்த்தினால் வலது பின் விலகிப் போகும். எனவே வலது பின் லிங்க்குக்கு எட்டாமல் பின்னால் இருந்தால் டிராக்டரைப் பின்னால் தள்ளுங்கள், முன்னால் துருத்திக்கொண்டிருந்தால் முன்னால் எடுங்கள். இது தெரிந்துவிட்டால் கடப்பாரைக்கு வேலை குறைவு. ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் நீங்கள் சீட்டில்தான் இருக்க வேண்டும், பின்னால் யாரும் இருக்கக் கூடாது.

டாப் லிங்க் கடைசி. அதன் நடுக்குழாயைச் சுற்றினால் இரு முனைகளும் ஒரே நேரத்தில் நீளும் அல்லது குறுகும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சம அளவு மரை வெளியே தெரியும்படி முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை மட்டும் கழன்று விழும் அளவுக்கு வந்துவிட்டால் சுமையில் பிய்த்துக்கொள்ளும். பின் போட்டதும் லாக் நட்டை இறுக்கி, செக் செயினை மறுபடி சரிசெய்துவிடுங்கள்.

கழற்றும்போது இதே வரிசை தலைகீழாக. கருவியைச் சமதரையில், முடிந்தால் இரண்டு கனமான பலகைகளின் மேல் இறக்குங்கள். பலகை மேல் இருந்தால் மண்ணில் அழுந்தாது, தேவைப்பட்டால் நெம்பி நகர்த்தவும் இடம் இருக்கும். ரோட்டவேட்டருக்கு நிறுத்துக்கால் இருந்தால் அதைக் கட்டாயம் போடுங்கள். அது துருப்பிடித்து மூலையில் கிடப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். டிராக்டரின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்டைக் கழற்றிவிட்டு டாப் லிங்க்கை எடுங்கள். அதன் பின்னை விரலால் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். சுழன்றால் சுமை இல்லை, உருவலாம். சுழலாவிட்டால் சுத்தியலை எடுக்காமல் நடுக்குழாயைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பிப் பாருங்கள். ஒரு இடத்தில் பின் தானாகவே தளரும். அப்புறம் வலது, கடைசியில் இடது.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. நான் ரிவர்ஸ் வரும்போது அவன் பின்னால் நின்று லிங்க்கைத் தூக்கிப் பிடித்துப் பின்னில் மாட்டிவிடுவான். வேலை சீக்கிரம் முடிகிறது. இப்படிச் செய்யலாமா?

பதில்: கூடாது. இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

டிராக்டருக்கும் கருவிக்கும் நடுவில் இருக்கும் இடம் ஒரு ஆள் நிற்கும் அளவுக்குத் தான் இருக்கிறது. கிளட்ச்சிலிருந்து உங்கள் கால் வழுக்கினால் வண்டி ஓர் அடி பின்னால் வர ஒரு நொடி போதும். அந்த ஓர் அடிதான் அவனுக்கும் கருவிக்கும் நடுவில் இருப்பது. சீட்டில் இருக்கும் உங்களுக்கு அவன் கை எங்கே இருக்கிறது என்று தெரியாது, எஞ்சின் சத்தத்தில் அவன் கத்துவதும் கேட்காது. பெரியவர்களுக்கும் இதே விதிதான்.

உதவிக்கு ஆள் இருந்தால், பின் டயருக்கு வெளியே, பக்கவாட்டில், உங்கள் கண்ணாடியிலோ நேர்ப் பார்வையிலோ தெரியும் இடத்தில் நின்று கையால் சைகை காட்டட்டும். அவர் கண்ணிலிருந்து மறைந்தால் அந்த இடத்திலேயே பிரேக். வண்டி நின்று, எஞ்சின் அணைந்து, நீங்கள் சாவியை எடுத்த பிறகுதான் அவர் உள்ளே வரலாம். இப்போது வரும் பல டிராக்டர்களில் பின் மட்கார்டிலேயே லிங்க்கை ஏற்றி இறக்கும் பட்டன் இருக்கிறது. அதையும் டயருக்கு வெளியே நின்றுதான் அழுத்த வேண்டும். உள்ளே சாய்ந்துகொண்டு ஒரு கையால் பட்டனையும் மறு கையால் பின்னையும் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே பதறும்.

கேள்வி: லிங்க்கைக் கொஞ்சம் மட்டும் தூக்க நினைத்து லீவரைத் தொட்டால் முழுக்க மேலே போய்விடுகிறது, அல்லது முழுக்கக் கீழே விழுகிறது. பம்ப் கெட்டுவிட்டதா?

பதில்: நீங்கள் பிடிப்பது டிராஃப்ட் கண்ட்ரோல் லீவராக இருக்கலாம். அது உழும்போது மண் கொடுக்கும் எதிர்ப்பைப் பார்த்து ஆழத்தை மாற்றுவதற்கானது. கருவியே மாட்டாதபோது எதிர்ப்பு எதுவும் இல்லாததால் மேலே அல்லது கீழே என்று ஓடிவிடும். பக்கத்திலேயே இருக்கும் பொசிஷன் கண்ட்ரோல் லீவரைப் பயன்படுத்துங்கள். அதை எங்கே நிறுத்துகிறீர்களோ அந்த உயரத்தில் லிங்க் நிற்கும். கருவி மாட்டும்போது டிராஃப்ட் லீவர் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். இறங்கும் வேகத்தைக் குறைக்கும் திருகும் பல வண்டிகளில் சீட்டுக்குக் கீழே இருக்கிறது. மாட்டும்போது அதை மெதுவாக வைத்துக்கொண்டால் நிதானம் கிடைக்கும். பொசிஷன் லீவரிலும் இதே குறை இருந்தால் மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பெரிய டிராக்டருக்கு மாறினேன். பழைய கொத்துக்கலப்பையின் பின் புது லிங்க்கில் லொடலொடவென்று ஆடுகிறது. பெரிய பின் போட்டுக் கலப்பையின் துளையையும் பெரிதாக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். மும்முனை இணைப்புக்கு ஐ.எஸ்.ஓ. 730 என்ற உலகத் தரம் இருக்கிறது. அதில் கேட்டகரி என்று அளவுகள் பிரித்திருக்கிறார்கள். கேட்டகரி 1-ல் லோயர் லிங்க் பின் சுமார் 22 மி.மீ., டாப் லிங்க் பின் 19 மி.மீ. கேட்டகரி 2-ல் அவை சுமார் 28, 25 மி.மீ. கேட்டகரி 3-ல் 37, 32 மி.மீ. கருவியின் இரண்டு லோயர் பின்களுக்கு நடுவே உள்ள அகலமும் 683, 825, 965 மி.மீ. என்று கூடிக்கொண்டே போகும். உங்கள் கலப்பை கேட்டகரி 1, வண்டி கேட்டகரி 2 என்று தெரிகிறது.

இதற்கென்றே ரெடியாகக் கிடைப்பது புஷ். பின்னின் மேல் மாட்டும் ஒரு சின்ன இரும்பு உறை, 22 மி.மீ. பின்னை 28 மி.மீ. ஆக்கிவிடும். டாப் லிங்க்குக்குத் தனியாக ஒன்று. அதைப் போட்டால் ஆட்டம் நின்றுவிடும். கலப்பையின் துளையைப் பெரிதாக்கினால் சுற்றியிருக்கும் இரும்பு மெலிந்து, கல்லில் மாட்டும் முதல் நாளே கிழியும். இரண்டு அளவுக்கும் படி வைத்துச் செய்த பின்களும் உண்டு: அடிப்பாகம் பருமனாகவும் நுனி சிறுத்தும் இருக்கும். அடிக்கடி வண்டி மாற்றுபவர்களுக்கு அது நல்லது.

லிங்க்குகளை உள்ளே இழுத்துச் சின்ன அகலத்துக்குக் கொண்டுவரும்போது அவை டயரிலோ வேறெதிலோ உரசாமல் இருக்கிறதா, செயின் அதற்கு ஏற்ற அளவு குறுகுகிறதா என்று தூக்கி இறக்கிப் பாருங்கள். இன்னொன்று: பின் தொலைந்துவிட்டது என்று அந்த இடத்தில் சாதாரண போல்ட் போடுவதை விட்டுவிடுங்கள். மரையில் சுமை விழுந்தால் போல்ட் அங்கேதான் அறுபடும். அறுபடாவிட்டாலும் லிங்க்கின் முனையில் பின் நுழையும் உருண்டையை மரை அரித்துவிடும், பின்னாளில் சரியான பின் போட்டாலும் ஆடும்.

கேள்வி: குயிக் ஹிட்ச் வாங்கினால் சீட்டில் இருந்தபடியே கருவி மாட்டலாம் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: ஒரே கருவியை மாட்டிவிட்டுப் பருவம் முழுக்க ஓட்டுபவர் என்றால் வேண்டாம். ஒரே நாளில் மூன்று கருவி மாற்றுபவர் என்றால் வாங்குங்கள், உங்கள் முதுகு நன்றி சொல்லும். அதற்கு முன் எது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

யு வடிவ ஃபிரேம் என்பது டிராக்டரிலேயே நிரந்தரமாக இருக்கும். கீழே இரண்டு கொக்கி, மேலே ஒரு கொக்கி. பின்னால் வந்து, கருவியின் பின்களுக்குக் கீழே கொக்கிகளைக் கொண்டுபோய், தூக்கினால் மூன்றும் பிடித்துக்கொள்ளும், லாக் விழும். கருவியின் டாப் லிங்க் துளைக்கும் லோயர் பின்களுக்கும் உள்ள உயரம் அந்த ஃபிரேமுக்கு ஒத்திருக்க வேண்டும். பழைய கருவிகள் பலவற்றில் ஒத்திருப்பதில்லை. வாங்கும் முன் உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு கருவியிலும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

முக்கோண வடிவ ஹிட்ச் இன்னொரு வகை. ஒரு முக்கோணம் டிராக்டரில், அதற்கு ஏற்ற உள்கூடு கருவியில். கீழிருந்து உள்ளே நுழைத்துத் தூக்கினால் உச்சியில் லாக் ஆகிவிடும். கோணம் சற்று முன்பின்னாக இருந்தாலும் முக்கோணத்தின் சரிவே இழுத்து நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். இருப்பதில் மாட்ட மிக எளிது இதுதான் என்பேன். ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி உள்கூடு பொருத்த வேண்டும்.

மூன்றாவது, லோயர் லிங்க்கின் முனையே திறந்த கொக்கியாக இருப்பது. துளையுள்ள உருண்டைகளைக் கருவியின் பின்களில் முன்பே மாட்டி வைத்துவிட வேண்டும். லிங்க் கீழிருந்து வந்து உருண்டையைக் கவ்விக்கொள்ளும், கழற்ற ஒரு கயிற்றை இழுத்தால் போதும். கருவி பின்னால் தள்ளிப்போவது இதில் மற்ற இரண்டைப்போல இல்லை என்பதால் என் விருப்பம் இதுதான். டாப் லிங்க்கை மட்டும் கையால் மாட்ட வேண்டியிருக்கும்.

அந்தத் தள்ளிப்போகும் விஷயத்தைக் கடைக்காரர்கள் பேசுவதில்லை. ஃபிரேம் வைத்தால் கருவி ஏறக்குறைய 10 செ.மீ. பின்னால் போகும். ஃபிரேமின் எடையும் சேரும். டிராக்டரின் தூக்கும் திறன் என்று புத்தகத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் லிங்க் முனையிலிருந்து 610 மி.மீ. பின்னால் வைத்து அளந்தது. எடை எவ்வளவு பின்னால் போகிறதோ அந்த அளவுக்கு தூக்கும் திறன் குறையும், முன் சக்கரமும் லேசாகும். இப்போதே ரோட்டவேட்டரைத் தூக்கும்போது முன்பக்கம் மிதக்கிற மாதிரி இருந்தால், முன்னால் எடைக் கட்டி சேர்க்காமல் ஃபிரேம் போடாதீர்கள். பி.டி.ஓ. ஷாஃப்டும் நீளம் போதாமல் போகலாம். எந்த வகை வாங்கினாலும் ஐ.எஸ்.ஓ. 11001 தரத்தில் செய்ததா என்று கேளுங்கள். அப்படியானால் வேறு கம்பெனி கருவியோடும் ஒத்துப்போக வாய்ப்பு அதிகம்.

எந்த ஹிட்சிலும் லாக் விழுந்த சத்தத்தை நம்பிப் போய்விடக் கூடாது. இறங்கி வந்து கண்ணால் பாருங்கள். பாதி விழுந்த லாக்கும் அதே சத்தம்தான் போடும்.

கேள்வி: எனக்குத் தோள்பட்டை வலி. லிங்க்கைத் தூக்கிப் பின்னில் வைப்பதே பெரும்பாடாக இருக்கிறது. குயிக் ஹிட்ச் வாங்கும் வசதி இல்லை. நான் தனியாகத்தான் பண்ணையைப் பார்க்கிறேன்.

பதில்: அம்மா, முதலில் லிங்க்கின் முனையில் இருக்கும் உருண்டையைப் பாருங்கள். அதற்குள் மண் இறுகி, துருப்பிடித்து, அசையாமல் இருக்கும். அப்படி இருந்தால் பின்னும் துளையும் ஒரு நூல் இழை கோணலாக இருந்தாலும் நுழையாது, நீங்கள் முழு லிங்க்கையும் முறுக்க வேண்டியிருக்கும். டீசலில் நனைத்த துணியால் துடைத்து, பழைய கிரீஸையும் மண்ணையும் எடுத்து, விரலை விட்டு எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்து, கொஞ்சமாகப் புது கிரீஸ் பூசுங்கள். கருவியின் பின்னையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள். இதிலேயே பாதிக் கஷ்டம் போகும்.

உங்கள் வண்டிக்கு நீளும் முனை கொண்ட லோயர் லிங்க் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். ஒரு லாட்ச்சை எடுத்தால் லிங்க்கின் முனை மட்டும் வெளியே வரும். டிராக்டர் துல்லியமாக நிற்கத் தேவையில்லை. முனையை இழுத்துப் பின்னில் மாட்டிவிட்டு, வண்டியை மெல்லப் பின்னால் எடுத்தால் முனை உள்ளே போய் லாக் ஆகிவிடும். முழு ஹிட்சைவிட இதற்குச் செலவு குறைவு.

சின்னக் கருவிகளைச் சக்கரம் வைத்த தாழ்வான மேடையில் இறக்கி வைத்தால், சிமென்ட் தரையில் டிராக்டரை நிறுத்திவிட்டுக் கருவியைத் தள்ளிக்கொண்டுவந்து மாட்டலாம். மேடை கருவியின் எடையைத் தாங்குவதாகவும் சக்கரத்துக்கு பிரேக் உள்ளதாகவும் இருக்க வேண்டும். டாப் லிங்க்கைத் தொங்கவிட வண்டியில் கொக்கி இருக்கும், இல்லையென்றால் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டே பின்னைத் தேடுவதுதான் உங்கள் வலியைக் கூட்டுகிறது.

கேள்வி: பி.டி.ஓ. ஷாஃப்டைத் தள்ளினால் ஏறுவதே இல்லை. சுத்தியலால் தட்டித்தான் ஏற்றுகிறேன்.

பதில்: தட்டாதீர்கள். தட்டினால் லாக் பின் வளையும், பேரிங்கும் அடிவாங்கும். டிராக்டரின் 540 ஆர்.பி.எம். ஷாஃப்டில் 6 பற்கள் இருக்கும், குறுக்களவு 35 மி.மீ. 6 பல் என்றால் 60 டிகிரிக்கு ஒரு முறை பொருந்தும். அதாவது எந்த நிலையிலிருந்தும் 30 டிகிரிக்கு மேல் திருப்ப வேண்டியதே இல்லை. வண்டியின் ஷாஃப்ட் கையால் திரும்பவில்லை என்றால் பி.டி.ஓ. லீவர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் பிரேக் பிடித்திருக்கும், அப்போது கருவிப் பக்கத்தை மாட்டும் முன்பே இந்த முனையை மாட்டிவிடுங்கள், ஷாஃப்டைத் தாராளமாகத் திருப்பிக்கொள்ளலாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்து லேசாகச் சுற்றவிட்டுப் பல்லைப் பொருத்தும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

திருப்பியும் ஏறவில்லை என்றால் மூன்று இடங்களில் பாருங்கள். பற்களின் ஓரத்தில் அடிபட்டுப் பிசிறு இருக்கலாம், அரத்தால் நீவிவிடுங்கள். லாக் பின்னின் ஸ்பிரிங்குக்குள் தூசி அடைத்து, பின் உள்ளே போகாமல் நிற்கலாம். அல்லது ஷாஃப்டே பொருந்தாததாக இருக்கலாம்: 35 மி.மீ.யிலேயே 21 பல் கொண்டது 1,000 ஆர்.பி.எம்.முக்கானது. அதை 6 பல்லில் ஏற்ற முடியாது, ஏற்றவும் கூடாது. அளவைத்தான் மாற்றியிருக்கிறோம் என்று அடாப்டர் போட்டு 540 கருவியை 1,000-ல் ஓட்டினால் கருவி தாங்காது.

ஏறியதும் லாக் விழுந்ததா என்று பின்னால் இழுத்துப் பாருங்கள். நடுவில் இருக்கும் இரண்டு குழாய்களின் நீளத்தையும் புதுக் கருவிக்கு ஒரு முறை சரிபார்க்க வேண்டும். கருவியை ஏற்றி இறக்கும்போது குழாய்கள் மிக நெருங்கும் இடத்தில்கூட அடியில் முட்டக் கூடாது. மிக விலகும் இடத்திலும் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். நடு ஷாஃப்டின் இரு முனைகளில் உள்ள கவைகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். பிரித்துச் சேர்க்கும்போது ஒரு பல் மாறினாலும் அதிர்வு தொடங்கி, யு ஜாயின்ட் (ஷாஃப்ட் கோணத்தில் சுற்ற உதவும் மூட்டு) சீக்கிரம் போய்விடும். பிரிக்கும் முன் இரண்டு குழாயிலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்தால் குழப்பமில்லை.

ஷாஃப்டின் மேல் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுபவர்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள், மாட்டுவது சுலபமாக இருக்கிறதாம். 540 ஆர்.பி.எம். என்றால் ஒரு நொடிக்கு 9 சுற்று. தொங்கும் துணி நுனி ஒன்று சிக்கினால், அது சிக்கியது தெரிவதற்குள் ஆளைச் சுற்றி இழுத்துவிடும். உறை இருக்க வேண்டும், உறை சுற்றாமல் பிடிக்கும் செயினும் இருக்க வேண்டும். கழற்றிய ஷாஃப்டைத் தரையில் போடாமல் கருவியிலேயே கொக்கியில் மாட்டி வையுங்கள். அடுத்த தடவை பல்லில் மண் இருக்காது, இந்தக் கேள்வியே எழாது.

கேள்வி: இந்த மூன்று புள்ளி இணைப்பை யார் கண்டுபிடித்தார்கள்? பள்ளியில் படிக்கும் என் பேத்தி கேட்கிறாள்.

பதில்: நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன் என்பவரின் வேலை இது. அதற்கு முன்பெல்லாம் கலப்பையைச் சங்கிலியாலோ கம்பியாலோ டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுத்தார்கள். கலப்பை கல்லில் மாட்டினால், டிராக்டரின் பின் சக்கரம் நிற்காமல் சுற்ற, முன்பக்கம் தூக்கிக்கொண்டு டிரைவர் மேலேயே கவிழும். ஃபெர்குசன் கலப்பையையும் டிராக்டரையும் ஒரே பொருள்போல இணைத்தார். உழும்போது கலப்பை முன்பக்கத்தைக் கீழே அழுத்த, மேல் கம்பியான டாப் லிங்க் வழியாக வரும் அழுத்தத்தைப் பார்த்து ஹைட்ராலிக் தானே ஆழத்தைச் சரிசெய்யும்படி அமைத்தார். 1920-களின் நடுவில் காப்புரிமை வாங்கினார். 1936-ல் ஃபெர்குசன்-பிரவுன் டிராக்டரில் அது விற்பனைக்கு வந்தது. 1938-ல் ஹென்றி ஃபோர்டோடு எழுத்தில் எதுவும் இல்லாமல் கைகுலுக்கி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். அடுத்த வருடம் வந்த ஃபோர்டு 9என் டிராக்டர்தான் இந்த இணைப்பைப் பெரிய அளவில் பரப்பியது. பேத்திக்கு டாப் லிங்க்கைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். உழும்போது அது கருவியை இழுப்பதில்லை, அநேகமாக டிராக்டரைத் தள்ளிக்கொண்டிருக்கும் என்பதைக் கேட்டால் ஆச்சரியப்படுவாள்.

கேள்வி: ஹைட்ராலிக் ஹோஸ் நேற்றுச் சுலபமாகக் கழன்றது. இன்று மாட்டப் போனால் எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே போகவில்லை. கப்ளிங் (ஹோஸைச் சொருகும் இணைப்பு) கெட்டுவிட்டதா?

பதில்: கெட்டிருக்காது. ஹோஸுக்குள் அழுத்தம் அடைபட்டிருக்கிறது. கருவி முழுவதும் இறங்கி உட்காராமல் சிலிண்டரில் சுமை இருக்கும்போதே கழற்றியிருப்பீர்கள், அல்லது ஹோஸ் வெயிலில் கிடந்து உள்ளே இருக்கும் எண்ணெய் விரிந்திருக்கும். வண்டிப் பக்கமும் அழுத்தம் இருக்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டு, அந்த ஹோஸுக்கான லீவரை இரண்டு பக்கமும் சில முறை தள்ளினால் அது போய்விடும். கருவிப் பக்கம் அடைபட்டிருந்தால் வெயில் பட்டதை நிழலுக்குக் கொண்டுவந்து ஆறவிட்டுப் பாருங்கள். ஆணியை வைத்து முனையில் இருக்கும் வால்வைத் தட்டி எண்ணெயைப் பீறிடச் செய்யும் பழக்கம் ஆபத்தானது. அழுத்தத்தில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல் சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது, ஆனால் உள்ளே தசை அழுகத் தொடங்கும். அப்படி நடந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஹைட்ராலிக் எண்ணெய் என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கசிவைத் தேடுவதற்கும் கையை வைக்காமல் ஒரு அட்டையைப் பிடித்துப் பாருங்கள்.

இனிமேல் கழற்றும் முன், கருவியைத் தரையில் முழுக்க இறக்கி, எஞ்சினை அணைத்து, லீவரை இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டு அப்புறம் ஹோஸைக் கழற்றுங்கள். எந்த ஹோஸ் எந்த இடத்துக்கு என்று இரண்டு நிற டேப் சுற்றி வையுங்கள். மாறிவிட்டால் தூக்க வேண்டிய லீவர் இறக்கும். முனைக்கு மூடி போட்டு, கருவியில் ஹோஸுக்கென்று இருக்கும் கொக்கியில் மாட்டி வையுங்கள். மாட்டும் முன் இரண்டு முனையையும் சுத்தமான துணியால் ஒரு துடை. முனையில் ஒட்டிய மண் உள்ளே போனால் முதலில் போவது பம்ப்.